நூற்றெட்டைப் பங்கு போட்ட காலை

புதிதாகத் தேகப்பயிற்சி தொடங்கியவர்களைக் கண்டுபிடிக்க எனக்குப் பரிசோதனை எதுவும் வேண்டாம். அவர்கள் மாடிப்படி இறங்குவதைப் பார்த்தாலே போதும். ஏறும்போது எல்லோரும் பயில்வான்கள்தான். இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கைப்பிடியை விடாமல், நண்டு மாதிரி பக்கவாட்டில், படிக்கு ஒரு முகம் சுளித்துக்கொண்டு இறங்குவார்கள். "முந்தாநாள் ஆரம்பித்தீர்களா?" என்று கேட்டால் ஜோசியக்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள்.

நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் இப்போது இந்த மாதிரி ஆட்களுக்கென்றே தனி அறை வந்திருக்கிறது. சுவரில் மர ஏணி, கூரையிலிருந்து கயிறும் கப்பியும், தரையில் மெத்தை. அங்கே வேலை செய்யும் பெண்கள் என்னைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டி, காப்பியும் கொடுத்து, "இதெல்லாம் இல்லாமல் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் பரிதாபம் கலந்திருந்தது. என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவது எனக்குப் பிடிக்காது. சமாளித்தோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்படி வெடுக்கென்று வந்திருக்க வேண்டாம் என்று வீடு வந்து சேர்ந்ததும் தோன்றியது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஞானம், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அப்பா வேதக்கோயில் உபதேசியார். நர்ஸ் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. சுருக்கம் விழாமல் கட்டில் விரிக்கவும் வாயை மூடிக்கொண்டிருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். முதலாவது எனக்கு நன்றாக வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்து, ஆண்கள் வார்டில் குறுப்பு டாக்டரின் கீழ் போட்டார்கள்.

குறுப்பு டாக்டர் முதல் மகாயுத்தத்தில் பட்டாளத்து டாக்டராகப் பாஸ்ரா பக்கம் இருந்துவிட்டு வந்தவர். மதராஸில் படித்ததால் தமிழ் பேசுவார். ஆனால் அந்தத் தமிழின் வாலில் எப்போதும் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். வார்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நோயாளியிடம் வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேராகத் தன் கண் வரும்படி உட்கார்ந்துகொள்வார். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்கமாட்டார். "நேத்து வரைக்கும் செய்யாத எதைப் புதுசா செஞ்சீர்? அதைப் பறையும்" என்பார். பாதி வியாதி அந்தப் பதிலிலேயே வெளியே வந்துவிடும்.

அப்போது ஊரில் தேகப்பயிற்சி மோகம் தலைக்கேறியிருந்தது. கல்லூரிப் பையன்கள் இரும்புக் குண்டு தூக்கினார்கள். குமாஸ்தாக்கள் மியூசியம் தோட்டத்தைச் சுற்றி ஓடினார்கள். போலீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பரேடு மைதானத்தில் பூட்ஸ் காலோடு விரட்டினார்கள். இவர்களில் பலரும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் எங்கள் வார்டுதான்.

டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. இடது கால் வலி என்று வந்தால் வலது காலைத்தான் முதலில் தொடுவார். தொடையிலிருந்து பாதம் வரை மெதுவாக அழுத்திக்கொண்டே வருவார். அவசரக்காரர்கள் சிலர், "அந்தக் கால் இல்லை டாக்டர்" என்று பதறுவார்கள். நல்ல கால் எப்படி இருக்கும் என்று தன் கை முதலில் தெரிந்துகொள்ளட்டும் என்பார். அதன்பிறகுதான் வலிக்கிற காலுக்குப் போவார். சுளுக்கோ, தசைப்பிடிப்போ, வீக்கத்தின் சூடு தணியும்வரை எண்ணெய் தடவி உருவ விடமாட்டார். ஈரத்துணி, ஓய்வு, காலை உயர்த்தி வைக்கத் தலையணை, இவ்வளவுதான். சூடு தணிந்ததும் அதே மனிதர் நேர்மாறாக மாறிவிடுவார். அசை, கொஞ்சம் அசை என்று பின்னாலேயே நிற்பார்.

ஒரு போலீஸ்காரப் பையன் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், கட்டைவிரலால் மூடிவிடக்கூடிய ஓர் இடத்தில் வலி என்று வந்தான். வீக்கம் இல்லை, காயம் இல்லை. பரேடுக்குக் கள்ளம் போடுகிறான் என்று அவனுடைய ஹவில்தாருக்குச் சந்தேகம். டாக்டர் அவனைப் படுக்கவைத்துவிட்டார். சில வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்த தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். எலும்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீற்று. அதைச் சுற்றிப் புது எலும்பு மேகம்போல் திரண்டிருந்தது. நாங்கள் மருந்தென்று எதுவும் கொடுக்கவில்லை. அவனைச் சும்மா இருக்கவிட்டோம், அவ்வளவுதான். அந்தப் பையன் கட்டிலில் படுத்துப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் உள்ளே யாரோ இருட்டில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். கர்த்தரே என்று வாய்விட்டே சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை.

இனி கணபதி ஐயர் விஷயத்துக்கு வருகிறேன்.

கணபதி ஐயர் ஊருக்குள்ளேயே ஆற்றங்கரையை ஒட்டிய கரமனை அக்கிரகாரத்துக்காரர். சர்க்கார் கச்சேரியில் கணக்கு எழுதுகிறவர். நாற்காலிக்கும் அவருக்கும் பிறவி உறவு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒருநாள் எங்கள் டாக்டரிடம் வந்தார். டாக்டர் மார்பில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, தினமும் கொஞ்சம் தேகாப்பியாசம் செய்யும் என்று சொல்லி அனுப்பினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எவ்வளவு கொஞ்சம் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

வேறு ஊரில் இதைக் கேட்டவர்கள் நாலு நாள் நடந்துவிட்டு ஐந்தாம் நாள் மறந்திருப்பார்கள். கரமனையில் அப்படி இல்லை. அங்கே தினமும் செய்வது என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு நாள் பார்க்க வேண்டும், ஆற்றில் குளிக்க வேண்டும், சங்கல்பம் செய்துகொள்ள வேண்டும். டாக்டர் சொன்ன "கொஞ்சம்", ஐயர் ஆற்றிலிருந்து கரை ஏறுவதற்குள் நூற்றெட்டு சூரிய நமஸ்காரம் ஆகிவிட்டது. அதுவும் ஒரு மண்டலம் முழுக்க, தினமும். அன்றன்றைக்கு எண்ணிக்கை முடியும்வரை வாயில் தண்ணீர்கூடப் படக்கூடாது. கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுக்கப் பியூனைக் கூப்பிடுகிற மனிதர் அவர்.

பங்குனி வெயிலில் முதல் நாள் நூற்றெட்டும் போட்டுவிட்டார். படித்துறையில் நின்றவர்கள் எல்லாரும் பாராட்டியிருக்கிறார்கள். மறுநாள் தொடை இரண்டும் கட்டையாகிவிட்டது. சங்கல்பம் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அன்றும் முடித்திருக்கிறார். அதற்கு மறுநாள் விடியற்காலையில் படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. பூணூலைச் சரிசெய்யக்கூடக் கை உயரவில்லை. போன சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. அவர் மனைவி தங்கம் அதைப் பார்த்துப் பயந்து, ஜட்கா பிடித்து எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தன் கேள்வியைக் கேட்டார். ஐயர் அந்த வேதனையிலும் கொஞ்சம் பெருமையாகவே விவரம் சொன்னார். கேட்கக் கேட்க டாக்டரின் முகம் வெளிறிக்கொண்டே போனது. நல்ல காலை முதலில் தொடும் வழக்கப்படி கையை நீட்டியவர், எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். இரண்டு காலும் ஒன்றுபோல் வீங்கி, பலகை மாதிரி இறுகிப்போயிருந்தன.

என்னைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். பழக்கமில்லாத தசையை அடித்து வேலை வாங்கினால் அது சிதைந்து ரத்தத்தில் கரைகிறது. அந்தக் கரைசலை வடிகட்டிச் சிறுநீராக்க வேண்டிய குண்டிக்காய் அடைத்துக்கொள்கிறது. பாலைவனத்தில் மூட்டையோடு நடத்திக்கொண்டுபோன புதுச் சிப்பாய்களிடம் இதே நிறத்தைப் பார்த்திருக்கிறாராம். தண்ணீர் கிடைத்தவர்கள் எழுந்தார்கள். கிடைக்காதவர்களைப் பற்றி அவர் பேசவில்லை.

"வெள்ளம்தான் மருந்து, ஞானம். உச்சிக்கு முன்னே குடிச்சுத் தொடங்கணும். இல்லேன்னா ஆள் கிட்டாது" என்றார். தண்ணீரைத்தான் அவர் எப்போதும் வெள்ளம் என்பார்.

நான் பார்லித் தண்ணீரும் சோடா மிக்ஸ்சரும் எடுத்துக்கொண்டு போனேன். ஐயர் தலையைத் திருப்பிக்கொண்டார். என் கையால் வாங்கமாட்டார் என்பது எனக்குத் தெரிந்ததுதான். அந்த வார்டில் அது புதிதும் இல்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வருத்தப்படுவதற்கு நேரம் இல்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுவந்திருந்த தண்ணீரைக் கொடுக்கும்படி தங்கத்திடம் சொன்னேன். அவர் கையாலும் குடிக்கமாட்டேன் என்றார் ஐயர்.

"இன்னிக்கு நூத்தியெட்டு இன்னும் ஆகலை. ஆகாம ஒரு சொட்டு உள்ளே போகப்படாது. சூரியன் முன்னாடி நின்னு சொன்ன வாக்காக்கும், சிஸ்டர்."

எழுந்து உட்காரவே முடியாத மனிதர் நூற்றெட்டு எப்படிப் போடுவார்? எனக்கு வந்த ஆத்திரத்தில் கூஜாவை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். தோலுக்கடியில் ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றலாம் என்று டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். உள்ளே போகிறது எதுவானாலும் கூடாதென்கிறாரே, கட்டிப்போட்டுத்தான் செய்யவேண்டும், திமிறினால் மிச்சத் தசையும் கெடும் என்றார் அவர். சோதனைக்காக ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த கண்ணாடிக் குப்பியில், காலையில் எடுத்த அந்தக் கறுப்புத் தண்ணீர் ஒரு விரற்கடை உயரத்துக்கு நின்றது. அதற்குப் பிறகு சொட்டு இல்லை.

டாக்டர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை, பயமுறுத்தவும் இல்லை. வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி, "கொஞ்சம்னு சொன்னது நான்தான். எவ்வளவுன்னு நான் பறஞ்சில்லா. தப்பு எனக்கும் உண்டு, ஐயரே" என்றார். அந்தக் காலத்தில் ஒரு பெரிய டாக்டர் நோயாளியிடம் இப்படிச் சொல்வதை நான் கேட்டதில்லை. ஐயரின் கண்ணோரம் நீர் வழிந்தது. அந்தத் தண்ணீரும் வீணாகிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதுவரை கதவோரம் நின்றிருந்த தங்கம் அப்போதுதான் பேசினார்.

"ஏன்னா, கோவில்ல லட்ச ஜபம் நடக்கறதே, அதை ஒருத்தரா பண்றா? பத்துப் பேர் உக்காந்து பங்கு போட்டுண்டுதானே பண்றா? அதுக்காகப் பலன் குறைஞ்சா போறது?"

ஐயர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அந்த நேரம் முழுவதும் நான் ஜன்னல் விளிம்பில் இருந்த குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், பங்கு போடலாம், ஆனால் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் முடிய வேண்டும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தங்கம் படியிறங்கிவிட்டார். டாக்டர் பின்னாலேயே வராந்தா வரை ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அம்மா, ஒரு ஆளுக்கு அஞ்சுக்கு மேல சம்மதிக்கமாட்டேன். என்கிட்ட காலியா ஒரு கட்டில்தான் உண்டு, கேட்டோ" என்று கூவினார்.

ஐயரைக் கட்டிலோடு கிழக்கு வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். தெருவே வரும் என்று நான் நினைக்கவில்லை. மூன்று நாலு பேர் வந்தால் அதிகம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஒரு ஜட்கா வந்தது, பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் நடையாகவே ஒரு கூட்டம். கச்சேரிக்குப் புறப்பட்டவர்கள் கோட்டும் தலைப்பாகையுமாக அப்படியே திரும்பி வந்திருந்தார்கள். ஒரு வக்கீல் வந்திருந்தார். சமையல் பாதியில் விட்டுவிட்டு, கையில் மஞ்சளோடு வந்த பெண்கள் இருந்தார்கள். எண்ணிக்கை சொல்வதற்கு வயதான சாஸ்திரிகள் ஒருவரையும் கூட்டிவந்திருந்தார் தங்கம்.

கோட்டுகளைக் கழற்றி வராந்தாக் கம்பியில் மாட்டிவிட்டு ஆண்கள் உடனே குனியப் போனார்கள். நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன். ஒரு தடவை ஏமாந்தது போதும்.

"ஒருத்தரும் குனியப்பிடாது. முதல்ல எல்லாரும் தண்ணி குடியுங்கோ. சங்கல்பம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லல்லா?"

சாஸ்திரிகள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, சிஸ்டர் சொல்வது நியாயம்தான் என்று தங்கத்திடம் கூஜாவை வாங்கித் தானே முதலில் குடித்தார். அதன்பின் கையைச் சுழற்றவைத்தேன், தோளை ஆட்டவைத்தேன், முழங்காலைப் பாதி மடக்கி நிமிரவைத்தேன். முட்டிவலிக்காரர்களையும் முதுகுவலிக்காரர்களையும் கேட்டுக் கேட்டுப் பிரித்தேன். தானே பன்னிரண்டு போடுவதாகக் கிளம்பிய சாஸ்திரிகளை மூன்றோடு நிறுத்தினேன். தொந்தி பெருத்த ஒருவருக்கு இரண்டுதான் என்றதும், கச்சேரியில் லீவு மறுத்ததுபோல் முகம் வாடிவிட்டது. பெண்கள் மண்டியிட்டு அவர்கள் முறைப்படி வணங்கினார்கள். ஐந்தாவது முடிந்தவர் ஆறாவதுக்குக் குனிந்தால் டாக்டரே வந்து தோளைத் தொட்டு நிறுத்திவிடுவார்.

அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருவர் எழுந்திருக்க, பக்கத்தில் இருந்தவர் விழுந்தார். அவர் எழுந்ததும் அடுத்தவர். சாஸ்திரிகளின் குரல் ஏறிக்கொண்டே போனது. எண்பதைத் தாண்டியபோது வார்டில் நடக்க முடிந்த நோயாளிகள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு மனிதரின் இரண்டு தொடையையும் கரைத்துவிட்ட எண்ணிக்கை, ஒரு தெருவின் முதுகில் ஏறியபோது எவருக்கும் வியர்க்கக்கூட இல்லை. நான் ஜெபம் பண்ணுகிறவள். அந்தக் காலையில் எந்தக் கடவுள் எந்தக் கடவுளுக்கு வழிவிட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நூற்றெட்டாவது தங்கத்துக்கு என்று விட்டுவைத்திருந்தார்கள். அவர் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கிவிட்டு, எழுந்து நேராகக் கட்டிலுக்கு வந்து கூஜாவைச் சாய்த்தார். ஐயர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அடுத்து வைத்த குப்பி காலியாகவே இருந்தது. மத்தியானம் போயிற்று, சாயங்காலமும் வந்தது. குடித்த தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது என்று தெரியாமல் நாங்கள் நின்றோம். டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை. கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, பள்ளம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்கேற்றுகிற நேரத்துக்கு ஐயர், கொஞ்சம் கூச்சத்தோடு, குப்பியைக் கேட்டார். சில ஸ்பூன் அளவுதான் வந்தது, அதே கறுப்பு நிறம். அதைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்காக அழுத நர்ஸ் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாளிலிருந்து தெருக்காரர்கள் தங்கள் படித்துறையிலேயே எண்ணிக்கையை முடித்தார்கள்; பங்கு போட்டபின் ஐயருக்குத் தண்ணீர்த் தடை இல்லை என்று சாஸ்திரிகளும் சொல்லிவிட்டார். அடுத்தடுத்து வந்த நாட்களில் ஜன்னல் விளிம்பில் குப்பிகள் வரிசையாகச் சேர்ந்தன. பழையதைக் கொட்டவேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டங்காப்பி, பால் விடாத தேயிலை, தேன், பிறகு வைக்கோல் நிறம். காலை வெயில் அவற்றின் வழியாக விழும்போது சுவரில் அந்த நிறங்கள் வரிசையாகத் தெரியும். இதைப் பார்க்கப் பக்கத்து வார்டு நர்ஸுகள் வந்துபோனார்கள். எந்த வேதக்கோயிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னலிலும் அவ்வளவு அழகை நான் பார்த்ததில்லை. முதலில் விரலை அசைத்து, பிறகு கணுக்காலைச் சுழற்றி, பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கடைசியில் ஐயர் எழுந்து நடந்தபோது, நேராகப் போய் நின்றது அந்த ஜன்னல் முன்னால்தான். தன் குப்பிகளைத் தானே வரிசையாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நானா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரே ஒரு நமஸ்காரம் போட அனுமதித்தார். முதலில் தண்ணீர், பிறகு உடம்பைத் தளர்த்துவது, அதன்பிறகு ஒன்று. மறுநாள் படியிறங்கும்போது தொடை வலிக்கவில்லை என்றால் மட்டும் இன்னொன்று கூட்டலாம். வலித்தால் அன்றைக்கு விடுமுறை. மிச்சத்துக்கு என்ன செய்வீர் என்று டாக்டர் கேட்டார். தெருவில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மண்டலம் முடிகிறவரை பங்கு போட்டாயிற்று என்றார் ஐயர். அதற்குப் பிறகு எங்கள் டாக்டர், தேகாப்பியாசம் செய்யும் என்று ஒருவரிடமும் வெறுமனே சொன்னதில்லை. எவ்வளவு, எப்படித் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று சொல்லி, கேட்டவர் வாயால் திருப்பிச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார். இன்று அந்த மர ஏணி அறையில் இருக்கும் பெண்கள் செய்வதும் அதுதான்.

மண்டலம் முடிகிற நாள் விடியற்காலையில் வரச்சொல்லித் தங்கம் ஆளனுப்பியிருந்தார். ஆற்றங்கரைப் படித்துறைக்குப் போனேன். ஊரில் எனக்குப் பழக்கமில்லாத பக்கம் அது. கீழ்ப்படி ஒன்றின் ஓரத்தில் ஒதுக்கமாகவே நின்றேன். ஈரவேஷ்டியோடு தெரு முழுக்க வரிசையாக நின்று, ஆற்றுக்கு மேலே ஏறிவந்த சூரியனை நோக்கி விழுந்து எழுந்துகொண்டிருந்தது. நடுவில் கணபதி ஐயர். தன் பங்கை நிதானமாக முடித்தார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் இன்னும் செய்துகொண்டிருக்க, அவர் வெட்கப்படாமல் படியில் உட்கார்ந்து மூச்சை ஆற்றிக்கொண்டார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். படியில் இறங்கி, என்னிடம் வந்தார். நான் முதலில் பார்த்தது அவர் கால்களைத்தான். பக்கவாட்டில் இல்லை, நேராகவே இறங்கினார்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்திருந்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. அவர் தன் கூஜாவை நீட்டினார். அவர்கள் வழக்கப்படி உயரத்திலிருந்து ஊற்றுவார் என்று நான் இரண்டு கையையும் குவித்துக்கொண்டேன். அவர் ஊற்றவில்லை. கூஜாவையே என் கையில் வைத்தார்.

"முதல்ல ஜலம் குடிங்கோ, சிஸ்டர்" என்றார்.

குடித்தேன். மிச்சம் வைத்துத் திருப்பிக் கொடுத்ததை அவர் வாங்கிக் குடித்தார்.